ரஷ் எங்கே தாமதமாகிறது?

1000 அடி 35 மி.மீ. பிலிம் கேமராவில் 11 நிமிடம் ஓடும். நொடிக்கு 24 பிரேம், அடிக்கு 16 பிரேம், ஆக நிமிடத்துக்கு 90 அடி. படப்பிடிப்பு முடிந்த இரவே அந்த ரோல் லேபுக்குப் போய், கழுவி உலர்ந்து, பிலிமை வீடியோவாக்கும் டெலிசினியில் ஏறி, ஒலியோடு சேர்ந்து, மறுநாள் இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் படத்தொகுப்பாளரும் பார்க்கும்படி வந்தாக வேண்டும். ஹாலிவுட்டில் டெய்லீஸ் என்றும் கோடம்பாக்கத்தில் ரஷ் என்றும் சொல்வது இதைத்தான். நெகட்டிவில் கீறல் விழுந்ததா, கேமரா கேட்டில் முடி சிக்கியதா, நடிகையின் கண் ஃபோகஸில் இருக்கிறதா என்பதெல்லாம் ரஷ் பார்த்தால்தான் உறுதியாகும். செட்டைப் பிரிப்பதற்குள் தெரிந்தால் மறுபடி எடுக்கலாம். பிரித்த பிறகு தெரிந்தால் தயாரிப்பாளருக்குச் செலவு. அதனால் ரஷ் தாமதமானால் எல்லோர் விரலும் டெலிசினி அறையை நோக்கி நீளும். இயந்திரம் மக்கர், ஆபரேட்டர் புதியவர், ஒலி சேரவில்லை என்று காரணங்கள் வரும். என் கட்சி வேறு. அந்தத் தாமதத்தின் பெரும்பகுதி முந்தைய நாள் செட்டிலேயே உண்டாகிவிடுகிறது. படமும் ஒலியும் பிறக்கும் நொடியில் அவற்றோடு எழுதிவைக்காத தகவலை, பிறகு எத்தனை கோடி ரூபாய் இயந்திரம் வந்தாலும் தேடித்தான் எடுக்க வேண்டும். சில சமயம் தேடியும் கிடைக்காது.

ஒலி ஏன் தனியாகப் பதிவாகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். கேமராவுக்குள் பிலிம் சீராக ஓடுவதில்லை. ஒவ்வொரு பிரேமும் லென்ஸுக்குப் பின்னால் ஒரு கணம் அசையாமல் நின்று, ஒளி வாங்கி, அடுத்த பிரேமுக்கு இடம் விட்டு நகர்கிறது. நொடிக்கு 24 முறை இந்த நிறுத்தமும் நகர்வும். ஒலிக்கு இது ஆகாது. ஒலி பதியும் நாடா துளியும் தயங்காமல் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். எனவே கேமரா ஒரு பக்கம், ஒலிப்பதிவுக் கருவி மறுபக்கம் என்று இரண்டும் தனித்தனியாக ஓடுகின்றன. அவற்றைப் பின்னால் சேர்க்க இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். ஒன்று, இரண்டும் ஒரே வேகத்தில் ஓடினவா? மற்றொன்று, இதன் எந்தப் புள்ளி அதன் எந்தப் புள்ளியோடு பொருந்துகிறது? வேகத்தின் கேள்விக்குப் பொறியியல் நல்ல விடை தந்துவிட்டது. ஸ்டெஃபான் குடெல்ஸ்கி சுவிட்சர்லாந்தில் உருவாக்கிய நாகரா கருவி, கேமரா மோட்டாரிலிருந்து கேபிள் வழியாக வரும் பைலட் சமிக்ஞையை ஒலியோடு சேர்த்தே நாடாவில் பதிந்தது. பிறகு ஃபிரான்சின் கிரெனோபிள் நகரத்தைச் சேர்ந்த ழான்-பியேர் பொவியாலா போன்றோர் கேமரா மோட்டாரைக் குவார்ட்ஸ் படிகத்தின் துடிப்போடு பூட்டி அந்தக் கேபிளையும் தேவையில்லாமல் செய்தார்கள். இடத்தின் கேள்விக்கு விடை சொல்வது இன்றுவரை பெரும்பாலும் இரண்டு மரத்துண்டுகள்தான்.

கிளாப் பலகையை அடிப்பதில் இருக்கும் அறிவியல் எளிமையானது, ஆனால் கச்சிதமானது. ஒரே ஒரு நிகழ்வு, ஒளியாகப் பிலிமிலும் ஒலியாக நாடாவிலும் பதிகிறது. கட்டை சேர்ந்த முதல் பிரேமையும் ‘டக்’ என்ற ஓசை தொடங்கும் புள்ளியையும் ஒன்றாக வைத்தால் மீதி எல்லாம் தானாகச் சேரும். இதிலும் ஒரு சின்னச் சிக்கல் உண்டு. 180 டிகிரி ஷட்டர் கொண்ட கேமராவில் ஒவ்வொரு பிரேமின் காலத்திலும் பாதி நேரம் ஷட்டர் மூடியே இருக்கிறது. கட்டைகள் தொட்டுக்கொள்ளும் அந்தக் கணம் மூடிய பாதியில் விழுந்தால் பிலிம் அதைப் பார்க்கவே இல்லை. முந்தைய பிரேமில் கட்டை திறந்திருக்கும், அடுத்ததில் மூடியிருக்கும். பிழை ஒரு பிரேமுக்குள் அடங்கிவிடும் என்பதால் பரவாயில்லை. இதைவிடப் பெரிய பிழை மைக்கின் தூரத்தால் வருவது. காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர். ஒரு நொடியின் 24-ல் ஒரு பங்கில் அது கடப்பது சுமார் 14 மீட்டர். மைக் 14 மீட்டர் தள்ளி நின்றால் கிளாப் ஓசை ஒரு பிரேம் தாமதமாகப் பதியும், அதை நம்பி ஒட்டிய வசனம் முழுவதும் ஒரு பிரேம் முன்னால் போகும். கிளாப் அடிக்கும்போது பூம் மைக்கைப் பலகைக்கு அருகில் கொண்டுவரும் ஒலிப்பதிவாளர் இந்தக் கணக்கைப் போட்டிருக்கத் தேவையில்லை. பழக்கமே அதைச் செய்துவிடும்.

படத்தையும் ஒலியையும் சேர்க்கும் வேலையை முன்பு யார் செய்தார்கள் என்பதும் என் வாதத்துக்கு முக்கியம். பிலிமிலேயே எல்லாம் நடந்த காலத்தில், ஓகே டேக்குகளை மட்டும் லேப் பிரிண்ட் போட்டுத் தரும். நாகராவின் ஒலி 35 மி.மீ. காந்தப் பிலிமுக்கு மாற்றப்படும். உதவிப் படத்தொகுப்பாளர் ஒருவர் மேசைமேல் சிங்க்ரனைசரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டி, கிளாப்பைத் தேடி, மெழுகுப் பென்சிலால் குறி வைத்து ஒட்டுவார். செட்டில் செய்த அலட்சியத்தின் விலை அவருடைய தூக்கம். தொலைக்காட்சித் தொடர்களும், 1989-க்குப் பிறகு ஆவிட் போன்ற கணினிப் படத்தொகுப்பும் வந்தபோது பிரிண்ட் என்ற கட்டமே கழன்றது. நெகட்டிவ் நேராக ராங்க் சின்டெல், பின்னாளில் ஸ்பிரிட் போன்ற டெலிசினி இயந்திரங்களில் ஏறி வீடியோவாக மாறியது. ஒலியை அங்கேயே, அப்போதே சேர்த்தார்கள். மேசையில் சம்பளத்துக்கு நடந்த தேடல், மணிக்கணக்கில் வாடகை வாங்கும் அறைக்கு இடம் மாறிவிட்டது. யாரோ ஒருவரின் தூக்கத்தில் கரைந்துபோன அலட்சியம் அதன்பின் பில்லில் தெரியத் தொடங்கியது.

அந்த அறையில் ஒரு டேக் எப்படிக் கடக்கிறது என்று பார்ப்போம். ஆபரேட்டர் பிலிமை ஓட்டிக் கிளாப் அடிபட்ட பிரேமில் நிறுத்துகிறார். பலகை ‘ஸ்மார்ட் ஸ்லேட்’ என்றால் அதன் சிவப்பு எண்கள், ஒலி நாடாவிலும் பதியும் நேர எண்ணான டைம்கோடை அந்த நொடிக்குக் காட்டும். 14 மணி 23 நிமிடம் 7 நொடி 11-ஆம் பிரேம் என்று வைத்துக்கொள்வோம். அந்த எண்ணைத் தட்டச்சு செய்ததும் ஒலி இயந்திரம் நாடாவில் அதே எண்ணைத் தேடிப் போகும். ஆனால் சரியாக அந்த இடத்தில் நின்று, அங்கிருந்தே கிளம்ப அதனால் முடியாது. சில நொடி பின்னுக்குப் போய், பிலிமோடு சேர்ந்து ஓடத் தொடங்கி, வேகத்தைக் கூட்டிக் குறைத்து, டைம்கோடைத் துரத்திப் பிடித்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். அந்த ஓட்டத்துக்கு நாடாவில் கிளாப்புக்கு முன்னால் 5 முதல் 10 நொடி வரை இடைவெளியில்லாத டைம்கோடு தேவை. ஒலிப்பதிவாளர் கருவியை ஓடவிட்ட 2 நொடியில் கிளாப் அடித்துவிட்டால், பின்னுக்குப் போகும் இயந்திரம் முந்தைய டேக்கின் வாலுக்குள் போய் விழுகிறது. அங்கே டைம்கோடு 14 மணி 19 நிமிடம் என்றிருக்கும், ஏனென்றால் நடுவில் 4 நிமிடம் கருவி நின்றிருந்தது. இயந்திரம் குழம்பி எங்கோ ஓடும். ஆபரேட்டர் அதை நிறுத்தி, டைம்கோடை விட்டுவிட்டு, காதால் கேட்டு, கையால் பொருத்துவார். ஒரு டேக்குக்கு ஒரு நிமிடம் அதிகம், அவ்வளவுதான். நாளொன்றுக்கு 60 டேக் என்றால் வாடகை அறையில் ஒரு மணி நேரம் போயிற்று.

பலகையிலேயே கோளாறு இருந்தால் இன்னும் மோசம். இருட்டுக் காட்சியில் சிவப்பு எண்கள் அளவுக்கு மேல் ஒளிர்ந்து எல்லாம் 8 போலத் தெரியும். க்ளோசப்பில் பலகையின் பாதி பிரேமுக்கு வெளியே இருக்கும். உதவி இயக்குநர் கட்டையை அடித்த கையோடு பலகையை இழுத்துக்கொண்டு ஓடினால், படிக்க வேண்டிய பிரேமில் ஒரு வெள்ளைக் கோடுதான் மிஞ்சும். கால் நொடி அசையாமல் பிடித்திருந்தால் ஆறு பிரேம் தெளிவாகக் கிடைக்கும், அது போதும்.

இருந்தாலும் டெலிசினி அறையில் நேரத்தை அதிகம் விழுங்குவது, தப்பாக இருக்கும் ஒலியைவிட, இல்லவே இல்லாத ஒலிதான். ஒலி இல்லாமல் எடுத்த ஷாட்டை அமெரிக்காவில் எம்.ஓ.எஸ். என்று பலகையிலும் கேமரா ரிப்போர்ட்டிலும் எழுதுவார்கள். கட்டையைச் சேர்க்காமல், நடுவில் விரலை வைத்துப் பிடிப்பதும் உண்டு. அதை எழுத மறந்தால் ஆபரேட்டர் முதலில் அந்த எண்ணைத் தேடுவார், பிறகு முந்தைய நாடாவில் தேடுவார், பிறகு எண் தப்போ என்று பக்கத்து டேக்குகளைத் தேடுவார். இருப்பதைக் கண்டுபிடித்தால் தேடல் முடிந்துவிடும். இல்லாததற்கு அப்படி ஒரு முடிவு கிடையாது. எல்லா இடத்திலும் பார்த்தாகிவிட்டது என்ற நம்பிக்கை வரும்வரை அது நீளும். அதேபோல, டேக் தொடக்கத்தில் கிளாப் அடிக்க முடியாமல் கடைசியில் பலகையைத் தலைகீழாகப் பிடித்து அடித்தால், அதைச் சொல்லும் ஒரு வார்த்தை ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். இருந்தால் ஆபரேட்டர் நேராக வாலுக்குப் போய்விடுவார். கேமரா ரிப்போர்ட், சவுண்ட் ரிப்போர்ட், கன்டின்யூட்டி குறிப்பு என்று மூன்று தாள்கள் மூன்று கைகளிலிருந்து வருகின்றன. மூன்றிலும் 24-ஏ என்ற ஷாட் 24-ஏ என்றே இருக்க வேண்டும். அமெரிக்க முறையில் ஷாட்டுக்கு எழுத்து கொடுக்கும்போது ஒன்றையும் பூஜ்யத்தையும் போலத் தோன்றும் ஐ, ஓ இரண்டையும் தாண்டிப் போவார்கள். யாரோ ஒருவர் ஓர் இரவு முழுக்க எதையோ தேடிய பிறகு வந்த விதியாகத்தான் அது இருக்க வேண்டும்.

இதுவரை சொன்னவை கண்ணுக்குத் தெரியும் பிழைகள். கண்ணில் படாமல் நுழைவது வேகப் பிழை. அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. வீடியோ நொடிக்கு 30 பிரேம் என்று பேச்சுக்குச் சொன்னாலும் உண்மையில் 29.97-இல் ஓடுகிறது. 1953-இல் வண்ணத் தொலைக்காட்சியைப் பழைய கறுப்பு-வெள்ளைப் பெட்டிகளுக்கும் பொருந்தும்படி அமைத்தபோது ஒத்துக்கொண்ட சமரசம் அது. 24 பிரேமில் எடுத்த பிலிமை அந்த வீடியோவுக்கு மாற்ற, டெலிசினி அதை 23.976-இல் ஓட்டுகிறது, 1000-க்கு 1 பங்கு மெதுவாக. ஒலியையும் அதே அளவு மெதுவாக்க வேண்டும். மறந்தால் என்ன ஆகும்? கிளாப் கச்சிதமாகப் பொருந்தும். முதல் வசனமும் பொருந்தும். பிறகு ஒலி மெல்ல முன்னால் நழுவும்: நிமிடத்துக்கு 0.06 நொடி, அதாவது ஒன்றரை பிரேம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்றின்படி, ஒலி படத்துக்கு முந்தினால் ஏறக்குறைய 45 மில்லி நொடியிலும், பிந்தினால் 125 மில்லி நொடியிலும் மனிதர்கள் அதைக் கண்டுகொள்ளத் தொடங்குகிறார்கள். இந்த ஏற்றத்தாழ்வுக்கு இயல்பான விளக்கம் உண்டு. ஒளியைவிட ஒலி மெதுவானது என்பதால் வாய் அசைந்த பிறகு சத்தம் வருவது தினமும் பார்ப்பதுதான். வாய் அசையுமுன் சத்தம் வருவது எங்கும் நடக்காதது. நமது பிழையோ அந்த மோசமான திசையில்தான் போகிறது. 45 மில்லி நொடியை எட்ட அதற்கு 45 நொடி போதும். சின்னச் சின்ன டேக்குகளை மட்டும் சோதித்துப் பார்த்தவர் எல்லாம் சரி என்று சொல்லிவிடுவார். 4 நிமிடம் ஓடும் நீண்ட டேக்கில்தான் குட்டு வெளிப்படும்.

இதற்காகத்தான் சவுண்ட் ரிப்போர்ட்டின் தலைப்பில் சாம்பிள் ரேட், டைம்கோடு எந்த வேகத்தில் ஓடியது, தொடக்கத்தில் பதிந்த 1 கிலோஹெர்ட்ஸ் டோன் எந்த அளவில் இருக்கிறது என்ற விவரங்களைக் கேட்கிறார்கள். இவை அலுவலகச் சம்பிரதாயம் போலத் தெரியலாம். ஆனால் ஒலிக் கோப்பைத் திறந்து கேட்டால் வேகத்தின் விவரம் காதுக்கு எட்டாது; ஆயிரத்தில் ஒரு பங்கு வேக மாற்றத்தை எந்தக் காதும் பிடிக்காது. நொடிக்கு 48,048 சாம்பிள் வீதம் பதிந்துவிட்டு 48,000 வீதம் வாசிக்கும் ஒரு தந்திரம் உண்டு. வாசிக்கும்போதே தேவையான அளவு மெதுவாகிவிடும். ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997-இல் கொண்டுவந்த பிராட்காஸ்ட் வேவ் கோப்பு, தன் நேரத்தை நள்ளிரவிலிருந்து எத்தனை சாம்பிள் கடந்தது என்ற எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. மதியம் 2 மணிக்குப் பதிந்த கோப்பில் 48,048 என்று எண்ணியதை 48,000 என்று படித்தால் நேரம் 50 நொடி தள்ளிப் போகும். தாளில் ஓர் எண் இருந்திருந்தால் ஆபரேட்டர் பார்த்த உடனே புரிந்துகொண்டிருப்பார்.

இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் வீடியோ நொடிக்கு 25 பிரேம் என்பதால் இந்தத் தசமத் தொல்லை இல்லை. தொலைக்காட்சிக்கென்றே எடுப்பவர்கள் கேமராவையும் 25-இல் ஓட்டிவிட்டால் ஒரு பிலிம் பிரேமுக்கு ஒரு வீடியோ பிரேம். 24-இல் எடுத்ததை 25-இல் ஓட்டினால் எல்லாம் 4 சதவீதம் வேகமாகும், குரல் அரைச்சுரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஏறும். பெரிய மாற்றம் என்பதால் மறைந்திருக்காது. யாராவது உடனே கத்திவிடுவார்கள்.

படத்தின் பக்கம் வேலை குறைவு, ஆனால் அதில் விளையும் தவறைத் திருத்த முடியாது. 1990-இல் கோடாக் கொண்டுவந்த கீகோடு, நெகட்டிவின் ஓரத்தில் அடிக்கொரு தடவை எண்ணாகவும் பார்கோடாகவும் அச்சாகி வரும். லேப் ஒவ்வொரு ரோலின் தலையிலும் ஒரு பிரேமில் துளை போட்டு அதைப் பூஜ்யமாக வைக்கும். அந்தத் துளையிலிருந்து கீகோடும் வீடியோ டைம்கோடும் ஜோடியாகப் பட்டியலிடப்படும். சின்னச் சின்ன கேமரா ரோல்களை முன்னும் பின்னும் லீடர் ஒட்டி ஒரே பெரிய லேப் ரோலாக இணைத்துக் கொடுப்பது, நெகட்டிவைத் துடைத்துத் தூசி நீக்குவது ஆகியவை எல்லாம் இயந்திரத்தில் ஏறுவதற்கு முன் நடந்தால் வாடகை மிச்சம். பட்டியலில் ஒரு பிரேம் பிசகினால் அன்றைக்கு ரஷ்ஷில் யாருக்கும் தெரியாது. மாதங்கள் கழித்து நெகட்டிவ் வெட்டுபவர் அந்தப் பட்டியலை நம்பிக் கத்தரி வைப்பார். வெட்டிய நெகட்டிவை ஒட்டிச் சரிசெய்ய வழியில்லை. ரோலின் தலையில் நடுநிலை ஒளியில் எடுத்த 18 சதவீதச் சாம்பல் அட்டையைப் பற்றியும் ஒரு வரி: அது இல்லையென்றால், நீலமாக இருக்கட்டும் என்று ஒளிப்பதிவாளர் திட்டமிட்ட நிலவொளியைக் கலரிஸ்ட் பிழை என்று நினைத்து நல்ல மனதோடு திருத்திவிடுவார்.

இனி எதிர்வாதங்கள். டைம்கோடு இருக்கும்போது கட்டை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பொவியாலாவின் ஆட்டோன் கேமரா டைம்கோடை நெகட்டிவின் ஓரத்திலேயே ஒளியால் எழுதியது. அதைப் படிக்கும் டெலிசினிக்குக் கிளாப் தேவையே இல்லை. கேள்வி நியாயமானது. ஆனால் டைம்கோடு என்பது இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போகின்றன என்ற நம்பிக்கை. காலையில் ஒத்திசைத்த கடிகாரம் மாலைவரை நிற்குமா என்பது படிகத்தின் தரத்தைப் பொறுத்தது. பத்து லட்சத்தில் அரைப் பங்கு துல்லியமுள்ள படிகம் 24 மணி நேரத்தில் ஒரு பிரேம்தான் நழுவும். பத்து லட்சத்தில் 50 பங்கு பிழையுள்ள சாதாரணப் படிகம் ஒரு மணி நேரத்திலேயே நான்கு பிரேம் நழுவிவிடும். நழுவிய டைம்கோடு முழு நம்பிக்கையோடு தப்பான எண்ணைக் காட்டும், அதுதான் ஆபத்து. 1948-இல் க்ளாட் ஷானன் வகுத்த தகவல் கோட்பாட்டின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று, பிழையைக் கண்டுபிடிக்க உபரியான தகவல் வேண்டும் என்பது. ஒரே ஒரு எண் இருந்தால் அது சரியா என்று கேட்கவே வழியில்லை. கிளாப்பும் டைம்கோடும் ஒத்துப்போனால் நிம்மதி; ஒத்துப்போகாவிட்டால் ஏதோ கோளாறு என்பதாவது அன்றே தெரிந்துவிடும்.

இன்னொரு எதிர்வாதம் பணத்தைப் பற்றியது, இதில் பாதி உண்மை இருக்கிறது. செட்டின் ஒரு நிமிடம் டெலிசினி அறையின் ஒரு நிமிடத்தைவிடப் பல மடங்கு விலை உயர்ந்தது. டேக்குக்கு 10 நொடி வீதம் 60 டேக்குக்கு 10 நிமிடம் போகிறதே, ஐம்பது பேரை நிற்கவைத்துவிட்டு ஓர் ஆபரேட்டருக்கு வசதி செய்வதா என்று தயாரிப்பு நிர்வாகி கேட்டால் அது அசட்டுக் கேள்வி ஆகாது. ஆனால் அந்தப் 10 நொடி யாருடையது என்று பார்க்க வேண்டும். “ரோல் சவுண்ட்” என்ற குரலுக்கும் “ரோல் கேமரா” என்ற குரலுக்கும் நடுவில் மேக்கப் உதவியாளர் வியர்வை ஒற்றுவார், ஃபோகஸ் புல்லர் டேப் பிடிப்பார். எப்படியும் நடக்கும் அந்த வேலைகளின்மேல் ஒலிக் கருவியை ஓடவிட்டால் செட்டின் நேரத்தில் எதுவும் கூடாது. நாடா மலிவு, பிலிம்தான் விலை. அதனால்தான் எப்போதும் ஒலி முதலில், கேமரா பிறகு. கோப்பாகப் பதியும் இன்றைய கருவிகள் பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய சில நொடிகளையும் நினைவில் வைத்திருந்து சேர்த்துக்கொள்கின்றன, கோப்புக்குத் துரத்திப் பிடிக்கும் ஓட்டமும் தேவையில்லை. அங்கேயும் 10 நொடி கேட்டுப் பிடிவாதம் பிடிப்பவர் பழக்கத்துக்காகக் கேட்கிறார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓகே டேக்கை மட்டும் மாற்றுவதா, ரோல் முழுவதையும் மாற்றுவதா என்ற கேள்வியிலும் சிக்கனம் நினைப்பதற்கு நேர்மாறாகப் போகலாம். வேண்டாம் என்று ஒதுக்கிய என்.ஜி. டேக்குகளைத் தாண்டித் தாண்டி நிறுத்தி ஓட்டுவதற்கு ஆகும் நேரம், அவற்றையும் சேர்த்து ஒரே மூச்சில் ஓட்டுவதைவிட அதிகமாக இருக்கக்கூடும். முன்னும் பின்னும் ஓடுவது அசல் நெகட்டிவ் என்பதால் கீறல் விழும் வாய்ப்பும் கூடவே வரும்.

டிஜிட்டல் வந்த பிறகு இதெல்லாம் பழங்கதை என்பது மூன்றாவது எதிர்வாதம், அதிகம் கேட்பதும் இதுதான். 2010-இல் ஆரி அலெக்ஸா வந்தபின் டெலிசினி அறைகள் பல மூடப்பட்டன என்பது உண்மை. கேமராவே 23.976-இல் பதியும், அலைவடிவத்தை ஒப்பிட்டு மென்பொருளே ஒலியைச் சேர்த்துவிடும். ஆனால் அலைவடிவ ஒப்பீட்டுக்குக் கேமராவிலும் ஒரு துணை ஒலி பதிந்திருக்க வேண்டும். 2023-இல் வெளிவந்த ‘ஓப்பன்ஹைமர்’ போல இன்றும் பிலிமில் எடுக்கும் படங்களின் நெகட்டிவில் அப்படி ஒன்று இல்லை. டிஜிட்டல் கேமராவில் இருந்தாலும் தூரத்தின் கணக்கு அங்கேயும் காத்திருக்கிறது. நடிகர் 30 மீட்டர் தள்ளி நிற்க, நீண்ட லென்ஸில் எடுக்கும் ஷாட்டில், கேமரா மைக்குக்கு அவர் குரல் இரண்டு பிரேம் தாமதமாக வருகிறது. அவர் சட்டையில் குத்திய மைக்கின் சுத்தமான ஒலியை மென்பொருள் அந்தத் தாமதமான ஒலியோடு பொருத்தும். கணக்குப்படி மிகச் சரி, உதட்டுக்கு இரண்டு பிரேம் தப்பு. பிலிமுக்கு இல்லாத ஓர் அபாயத்தையும் டிஜிட்டல் கூட்டியிருக்கிறது. நெகட்டிவ் எத்தனை குழப்பமாக வந்தாலும் பெட்டிக்குள் இருந்தது. மெமரி கார்டோ அன்றே அழிக்கப்பட்டு மறுபடி கேமராவுக்குள் போகிறது. ஒரே நாளில் இரண்டு கார்டுகளுக்கு ஏ003 என்று பெயர் விழுந்து, ஒன்றை நகலெடுத்தாகிவிட்டது என்று நினைத்து அழித்துவிட்டால், தேடுவதற்கு அப்புறம் எதுவும் மிஞ்சாது. நகல் எடுத்ததும், அது அசலோடு பொருந்துகிறதா என்று காட்டும் செக்சம் எண்ணை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கார்டை விடுவிக்கும் பழக்கம் இதனால் வந்தது. பழைய கேமரா ரிப்போர்ட் செய்த வேலையைத்தான் அது வேறு உருவில் செய்கிறது.

தமிழ் சினிமா இந்தக் கதைக்குள் பக்கவாட்டில்தான் நுழைகிறது. பல பத்தாண்டுகள் இங்கே செட்டில் பதிந்தது டப்பிங்குக்கு வழிகாட்டும் பைலட் ட்ராக் மட்டும். உண்மையான வசனம் டப்பிங் தியேட்டரில் பிறந்தது. படமும் ஒலியும் ஒரே நாளில் சேர வேண்டிய நெருக்கடி இல்லாததால் அதற்குரிய கட்டுப்பாடும் இங்கே இறுகவில்லை. லைவ் சவுண்ட் எடுக்கத் துணியும் படக்குழு ஒன்று அதைப் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. அதற்கு மலிவான வழி, படப்பிடிப்புக்கு முந்தைய வாரம் கேமராவையும் ஒலிக் கருவியையும் ஒரே அறையில் வைத்து ஒரு சோதனை டேக் எடுத்து, அதை ரிப்போர்ட்டுகளோடு சேர்த்து லேபிலிருந்து படத்தொகுப்புக் கணினிவரை முழுப் பாதையிலும் அனுப்பிப் பார்ப்பது. டேக் குறைந்தது 5 நிமிடம் ஓட வேண்டும், தலையில் ஒரு கிளாப், கேமராவை நிறுத்தாமல் வாலில் இன்னொரு கிளாப். தலைக் கிளாப்பைப் பொருத்திவிட்டு வாலுக்குப் போனால், எங்காவது ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகியிருந்தால் அங்கே ஓசை ஏழு பிரேம் தள்ளிக் கேட்கும்.